அம்மா பேசும் மிளகாய்ச் செடிகள் நன்றாக வந்திருக்கின்றன: காரணம் பேச்சுதானா?

முற்றத்துமல்லி (மதுரை)

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் முப்பத்தைந்து வளர்ப்புப் பைகள் இருக்கின்றன. எழுபத்து நான்கு வயதாகும் என் அம்மா காலை ஆறு மணிக்குப் பூவாளியோடு மேலே போனால் ஏழரைக்குத்தான் இறங்குவார். அந்த ஒன்றரை மணி நேரமும் செடிகளோடு பேச்சு ஓயாது. தெருவில் போகிறவர்கள் மாடியில் யாரோ விருந்தாளி வந்திருப்பதாகத்தான் நினைப்பார்கள். "ஏண்டி, நேத்து நல்லாத்தான இருந்த, இன்னிக்கு ஏன் மொகத்தச் சுருக்கிக்கிட்டு நிக்கிற?" என்று கத்தரியைக் கேட்பார்; பீர்க்கங்கொடியிடம் பக்கத்து வீட்டுக் கல்யாணச் செய்தியைச் சொல்லுவார்.

இதை வைத்து வீட்டில் ஒரு பந்தயம் நடந்தது. ஒரே நாளில் வாங்கிய 12 சம்பா மிளகாய் நாற்றுகளை, செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் ஆகியவற்றை ஒரே அளவில் கலந்து நிரப்பிய பைகளில் நட்டோம். ஆறு பைகளை அம்மா நடமாடும் மாடிப்படிப் பக்கமும், ஆறு பைகளைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலும் வைத்தோம். தொட்டிக்குப் பின்னால் இருந்தவற்றுக்கு நானே தண்ணீர் ஊற்றினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. எழுபது நாள் கழித்து அளந்தபோது, பேசிய செடிகளின் சராசரி உயரம் 61 செ.மீ., பேசாதவற்றின் உயரம் 52 செ.மீ. பறித்த காய் 820 கிராமுக்கு எதிராக 510 கிராம். பேசாத ஆறில் இரண்டுக்கு இலைச்சுருட்டை வேறு. பந்தயத்தில் அம்மா வென்றுவிட்டார். ஆனால் எது வென்றது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அறிந்தவர்கள் விளக்க வேண்டும்.

அளவுகோல் (கோயம்புத்தூர்)

சகோதரி, பந்தயத்தில் தோற்றவர் என்ற முறையில் நீங்கள் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் விடை உங்கள் பதிவிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். தொட்டிக்குப் பின்னால் என்றால் நிழல் எத்தனை மணி நேரம்? கீழிருந்து வாங்கும் வெப்பம் இரு இடத்திலும் ஒன்றா? இந்த இரண்டும் தெரியாத வரை பேச்சைப் பற்றிப் பேசவே முடியாது. ஆறுக்கு ஆறு என்பதும் மிகச் சிறிய எண்ணிக்கை. ஒரே பழத்தின் விதைகளில் முளைத்த ஆறு நாற்றுகளை ஒரே வரிசையில் வைத்தால்கூட உயரத்தில் ஐந்தாறு சென்டிமீட்டர் ஏற்றத்தாழ்வு வரும்.

இதே தவறை மிகப் பெரிய இடத்திலும் செய்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2009ஆம் ஆண்டு தன் விஸ்லி தோட்டத்தில் தக்காளிச் செடிகளுக்கு ஒரு மாதம் மனிதக் குரலைக் கேட்க வைத்தது. பத்துப் பேரின் வாசிப்பைப் பதிவு செய்து, ஆளுக்கு ஒரு செடி என்று ஒதுக்கினார்கள். சார்லஸ் டார்வினின் எள்ளுப்பேத்தி சாரா டார்வின் தம் முன்னோரின் நூலிலிருந்து ஒரு பகுதியை வாசித்தார். அவருடைய செடியே முதலிடம் பெற்றது. பெண் குரல் கேட்ட செடிகள் ஆண் குரல் கேட்டவற்றைவிடச் சராசரியாக ஓர் அங்குலம் உயர்ந்தன என்று செய்தித்தாள்கள் கொண்டாடின. சில ஆண்களின் செடிகள், எதையுமே கேட்காத செடிகளைவிடக் குட்டையாக நின்றன. ஒரு குரலுக்கு ஒரு செடி என்றால் அங்கே அளக்கப்பட்டது குரலா, அந்தச் செடியின் பிறவிக் குணமா என்பதை யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வேடிக்கைக்கு நல்லது, அவ்வளவுதான்.

கரிசல்காட்டான் (கோவில்பட்டி)

நான்கு ஏக்கர் மானாவாரியில் உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறவன் நான். ஒவ்வொரு செடியிடமும் நலம் விசாரித்தால் அடுத்த பட்டம் வந்துவிடும். ஆகையால் பேச்சு என்பது மாடித்தோட்டக்காரர்களுக்கு வாய்த்த வசதி என்றே இதுவரை நினைத்திருந்தேன்.

ஆனால் என் அப்பா ஒரு மரத்தோடு பேசியதை நேரில் பார்த்திருக்கிறேன். கிணற்றடியில் ஒரு மாமரம் எட்டு ஆண்டுகளாக இலையும் கிளையுமாகத் தழைத்ததே தவிர ஒரு பிஞ்சுகூட விடவில்லை. ஒரு தை மாதக் காலையில் அப்பா கோடரியோடு போய் அதன் முன் நின்று, "இந்த வருசம் காய்க்கலன்னா அடியோட சாய்ச்சிருவேன்" என்று உரக்கச் சொன்னார். முன்கூட்டியே சொல்லிவைத்தபடி சித்தப்பா குறுக்கே வந்து, "விடுங்கண்ணே, நான் ஜாமீன், இந்த ஒரு வருசம் பாப்போம்" என்று கெஞ்சினார். அப்பா சமாதானம் ஆகாதவர்போல் கோடரியால் அடிமரத்தில் நான்கைந்து கொத்துக் கொத்திவிட்டுத் திரும்பினார். பழைய செருப்பு ஒன்றையும் கிளையில் கட்டினார்கள். மறு ஆண்டு அந்த மரம் காய்த்தது. ஊரில் எல்லோரும் மிரட்டலுக்குப் பயந்துதான் காய்த்தது என்றார்கள்.

வேளாண்மைத் துறை அலுவலர் ஒருவரிடம் பின்னாளில் இதைச் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே, மிரட்டலைவிடக் கோடரிக் கொத்துத்தான் வேலை செய்திருக்கும் என்றார். இலையில் உருவாகும் சர்க்கரை பட்டையின் உட்புறமாகத்தான் வேருக்கு இறங்குகிறது. பட்டையைக் காயப்படுத்தினால் அது மேலேயே தேங்கி, தழைப்பதற்குப் பதிலாகப் பூப்பதற்கு மரத்தைத் தூண்டும் என்று விளக்கினார். தோட்டக்கலையில் பட்டையை வளையமாக உரிக்கும் முறையே இதற்காக உண்டாம். அதை அளவோடு செய்ய வேண்டும். அகலமாகச் சுற்றிலும் உரித்துவிட்டால் வேர் பட்டினி கிடந்து மரமே போய்விடும். ஆக அப்பாவின் பேச்சுக்குள் ஒரு வேலை ஒளிந்திருந்தது. முற்றத்துமல்லி அம்மையாரின் தாயார் பேசும்போது கை என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தாவரவியல் வாத்தியார் (திருச்சிராப்பள்ளி, பணி ஓய்வு)

கரிசல்காட்டான் சொன்ன கடைசி வரி இந்த இழையின் உயிர்நாடி. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில், இந்தப் பொருளில் நம் மண்ணுக்கே ஒரு வரலாறு இருப்பதை நினைவூட்ட விரும்புகிறேன்.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறைத் தலைவராக இருந்த டி. சி. என். சிங், 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் செடிகளுக்கு இசை கேட்க வைத்து ஆராய்ந்தார். நீரில் வளரும் வேலம்பாசியின் செல்களுக்குள் உயிர்ச்சாறு ஓடும் வேகம் ஒலியால் மாறுவதை நுண்ணோக்கியில் பார்த்ததாகத் தொடங்கி, காசித்தும்பைச் செடிகளின் அருகே நாள்தோறும் வீணையும் வயலினும் வாசிக்கச் செய்தார். இசை கேட்டவை 20 சதவீதம் உயரமாகவும் 72 சதவீதம் கூடுதல் இலைகளோடும் வளர்ந்தன என்பது அவர் சொன்ன கணக்கு. நான் மாணவனாக இருந்தபோது இதை எங்கள் ஆசிரியர்கள் பெருமையும் தயக்கமும் கலந்த குரலில் சொல்லக் கேட்டிருக்கிறேன். தயக்கத்துக்குக் காரணம் எளிது: இசைத்தால் விளைச்சல் பெருகும் என்பது உண்மையாகி இருந்தால், இன்று காவிரிப் படுகையில் வரப்புக்கு ஓர் ஒலிபெருக்கி நின்றிருக்கும்.

மற்றொரு கிளைக்கதை அமெரிக்காவில் நடந்தது. பொய் சொல்வதைக் கண்டறியும் கருவியை இயக்குவதில் வல்லவரான கிளீவ் பாக்ஸ்டர் 1966 பிப்ரவரியில் அந்தக் கருவியைத் தம் அலுவலகத்து டிரசீனாச் செடியின் இலையில் மாட்டி, இலையைக் கொளுத்தலாமா என்று தாம் மனத்தில் நினைத்த மாத்திரத்தில் முள் துள்ளியதாகச் சொன்னார். உலகமே பரபரப்படைந்தது. பிற்பாடு ஆய்வாளர்கள் கட்டுப்பாடுகளோடு அவருடைய சோதனையைத் திரும்பச் செய்து 1975இல் வெளியிட்டபோது அப்படி எந்தத் துள்ளலும் கிடைக்கவில்லை. செடியிடம் பேசுவதைப் பற்றி இன்று உலவும் கதைகளில் பாதிக்கு வேர் இந்த டிரசீனாதான்.

அதற்காகச் செடி செவிட்டுச் சடம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மிசௌரி பல்கலைக்கழகத்தில் 2014ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றில், கம்பளிப்புழு இலையைக் கடிக்கும்போது எழும் மிகச் சிறிய அதிர்வைப் பதிவு செய்து, புழுவே இல்லாத கடுகுக் குடும்பச் செடி ஒன்றின் இலைக்குச் செலுத்தினார்கள். பின்னர் உண்மையான புழுவை விட்டபோது, அதிர்வை உணர்ந்திருந்த செடிகள் மற்றவற்றைவிடக் கூடுதலான காரப்பொருளைச் சுரந்து தம்மைக் காத்துக்கொண்டன. காற்றின் அசைவையும், கேடு செய்யாத பூச்சியின் பாட்டையும் செலுத்தியபோது செடி அசட்டையாக இருந்தது. 2019இல் இஸ்ரேலில், கடற்கரையில் வளரும் அந்திப்பூச்செடி ஒன்றின் அருகே தேனீயின் ரீங்காரத்தை ஒலிக்கச் செய்ததும் மூன்றே நிமிடங்களில் பூந்தேனின் இனிப்பு கூடியதைக் கண்டார்கள். 2023இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தினர், தண்ணீர் காணாத தக்காளிச் செடி மணிக்கு முப்பதுக்கும் மேற்பட்ட சொடுக்கொலிகளை எழுப்புவதையும், நலமாக உள்ள செடி மணிக்கு ஒன்றுகூட எழுப்பாததையும் பதிவு செய்தார்கள். அந்த ஒலி 40 முதல் 80 கிலோஹெர்ட்ஸ் வரை. நம் காது 20க்கு மேல் கேளாது.

ஆக, செடி தன் வாழ்வுக்குப் பொருளுள்ள அதிர்வைப் பொறுக்கி எடுக்கிறது. கடிக்கும் வாயும் தேன் தேடும் சிறகும் அதற்குச் செய்தி. மனிதப் பேச்சின் அதிர்வெண் தேனீயின் ரீங்காரத்தோடு ஓரளவு ஒன்றிப்போவதால், ஏதோ ஓர் அதிர்வாக அதை இலை வாங்கிக்கொள்ளக் கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணம் அதற்கு எதற்கு?

பேசும்போது நாம் விடும் கரியமில வாயு செடிக்கு உணவாகிறது என்ற வாதத்தையும் யாராவது கொண்டுவருவார்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். நம் மூச்சில் அது ஏறத்தாழ 4 சதவீதம்; வெளிக்காற்றில் 0.042 சதவீதம். பத்து நிமிடம் பேசினால் சுமார் இரண்டு லிட்டர் கரியமில வாயு வெளியாகும்; அதிலுள்ள கரி ஏறக்குறைய ஒரு கிராம். மதுரை மொட்டைமாடியில் அது அடுத்த வீசலில் வைகையைக் கடந்துவிடும்.

எழுத்தாணி (தஞ்சாவூர்)

வாத்தியார் ஐயாவின் பதிவைப் படித்ததும் தொல்காப்பியத்தின் இரண்டு இடங்கள் ஒன்றாக நினைவுக்கு வந்தன. மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கும்போது, "ஒன்றறி வதுவே உற்றறி வதுவே" என்றும், "புல்லும் மரனும் ஓரறி வினவே" என்றும் வருகிறது. உற்றறிதல் என்றால் தொட்டு உணர்தல். செவியறிவு புல்லுக்கும் மரத்துக்கும் கிடையாது என்பது அந்த வகுப்பின் தெளிவான முடிவு. ஆனால் அதே நூலின் செய்யுளியல், ஞாயிறு, திங்கள், கடல், கானல், விலங்கு, மரம், புள், நெஞ்சு என்று ஒரு பட்டியலிட்டு, இவற்றை எல்லாம் "சொல்லுந போலவும் கேட்குந போலவும்" அமைத்துப் பாடலாம் என்று இசைவு தருகிறது. கேட்காது என்று தெரிந்தே, கேட்பதுபோல் வைத்துப் பேசலாம் என்பதற்கு இலக்கணமே வகுத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் "போல" என்ற சொல்லில்தான் முற்றத்துமல்லி அவர்களின் தாயார் தினமும் ஒன்றரை மணி நேரம் நிற்கிறார் என்று எனக்குப் படுகிறது.

நற்றிணையின் 172ஆம் பாட்டு இதற்கு ஒரு படி மேலே போகிறது. சிறுமியர் விளையாடும்போது வெண்மணலில் அழுத்திவிட்டு மறந்துபோன புன்னை விதை முளைத்துவிடுகிறது. நெய் கலந்த பாலூற்றி வளர்க்கிறார்கள். உங்களைவிடச் சிறந்தவள் இவள், உங்கள் தங்கை என்று தாய் சொல்லிவைத்திருக்கிறாள். அதனால் வளர்ந்த பின் அந்த மரத்து நிழலில் காதலனோடு சிரித்துப் பேச நாணமாக இருக்கிறது, வேறு இடத்துக்குப் போகலாம் என்கிறாள் பெண். இங்கே மரத்தோடு யாரும் பேசவில்லை. மரம் கேட்கிறது என்பதால் பேச்சு அடங்கிப்போகிறது. பாட்டைப் பாடம் நடத்தும்போது பிள்ளைகள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். பொழுது சாய்ந்தபின் துளசியைப் பறிக்காதே, அது தூங்குகிறது என்று வீட்டில் பாட்டி சொல்வதை நினைவூட்டினால் சிரிப்பு நின்றுவிடும்.

அளவுகோல் (கோயம்புத்தூர்)

எழுத்தாணி ஐயா சொன்னது சுவையாக இருக்கிறது. ஆனால், "ஒலியைச் செடி அதிர்வாக, அதாவது தொடுதலாக உணர்கிறது என்பதை அன்றே சொல்லிவிட்டார்கள்" என்று அடுத்த பதிவில் யாராவது முழங்குவதற்கு முன் ஒரு தடை போட்டு வைக்கிறேன். அந்த வகுப்பின்படி மரத்துக்குப் பார்வையும் இல்லை. ஜன்னலோரம் வைத்த செடி வெளிச்சத்தின் பக்கம் வளைவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். புல் நாற்றின் நுனிதான் ஒளியை உணர்கிறது, வளைவது அதற்குக் கீழே என்பதை டார்வினும் அவருடைய மகன் பிரான்சிஸும் 1880இல் வெளியிட்ட நூலில் காட்டினார்கள். நுனிக்குத் தொப்பி மாட்டினால் நாற்று வளையவில்லை. தொல்காப்பியத்தின் கூர்மையை வியக்கலாம். அதை ஆய்வுக்கூட அறிக்கையாக்க வேண்டாம்.

எழுத்தாணி (தஞ்சாவூர்)

முழங்க இருந்தது நான்தான். தடையை ஏற்றுக்கொள்கிறேன்.

வல்லைவெளி (டொரன்டோ)

பதினேழு வருடங்களாக ஒரு கறிவேப்பிலைச் செடியை வீட்டுக்குள் வைத்து வளர்க்கிறேன். கோடையில் மூன்று மாதம் வெளியில் நிற்கும். புரட்டாதி பிறந்ததும் சாடியைத் தூக்கித் தெற்குப் பக்க யன்னலடிக்குக் கொண்டுவந்துவிடுவேன். குளிர்காலம் முழுக்க அது வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு இலையை உதிர்த்தபடி நிற்கும். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு வீட்டில் தமிழ் கேட்க வேறு யாரும் இல்லாததால், "என்னடி பிள்ளை, இண்டைக்கும் இலையைக் கொட்டிப்போட்டியோ?" என்று அதனோடுதான் என் காலை தொடங்கும். 1986ஆம் ஆண்டுத் தொலைக்காட்சி நேர்காணலில் தாம் செடிகளோடு பேசுவதாகச் சொன்ன பிரிட்டனின் அன்றைய இளவரசர் சார்லஸ், பல வருடங்கள் கேலிக்கு ஆளானார். எனக்கு அவர்மேல் அன்று தொட்டு ஒரு பரிவு உண்டு.

நான் சொல்ல வந்தது வேறு. இங்கே வெப்பமூட்டியின் உலர்ந்த காற்றில் சிலந்திப்பேன் பிடித்தால் ஒரு கிழமைக்குள் செடி மொட்டையாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. இலையின் அடியில் மெல்லிய வலையும், மேற்பரப்பில் ஊசியால் குத்தினாற்போன்ற வெளிர்ப்புள்ளிகளும்தான் அடையாளம். பேசிக்கொண்டே ஒவ்வொரு இணுக்காக ஈரத்துணியால் துடைப்பது என் பழக்கம். கடந்த மாசி மாதத்தில் துணியில் செம்மண் நிறத்தில் ஒரு கறை ஒட்டியதும் சாடியோடு குளியலறைக்குத் தூக்கிப்போய் இலைகளின் அடிப்பக்கம் முழுவதையும் தண்ணீரால் பீய்ச்சி அடித்துக் கழுவினேன். பேச்சு இல்லாவிட்டால் அந்தத் துணியைக் கையில் எடுத்திருக்க மாட்டேன் என்பது உறுதி. வெறுமனே துடைக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

பசலைக்கொடி (சென்னை)

செடிக்கு ஒலி உதவும் ஓர் இடம் எனக்குத் தெரியும்; அதைச் சொல்ல யாரும் முன்வராததால் சொல்கிறேன். தக்காளிப் பூவின் மகரந்தம் குழல் போன்ற பைக்குள் அடைபட்டிருக்கிறது. உப்புச்சாடியைக் குலுக்கினால் உப்பு உதிர்வதுபோல், பூவை அதிர வைத்தால்தான் நுனித்துளை வழியே கொட்டும். தச்சுத்தேனீ பூவைப் பற்றிக்கொண்டு சிறகுத் தசைகளை முறுக்கி அதிர்வதால் மகரந்தம் உதிர்கிறது. நாம் பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. எங்கள் அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடிப் பால்கனிக்குத் தச்சுத்தேனீ வருவதில்லை, காற்றும் போதவில்லை. ஆகவே மின்சாரப் பல்துலக்கியின் பின்புறத்தைப் பூக்காம்பில் இரண்டு விநாடி வைத்து எடுக்கிறேன். காலை பத்து மணி வாக்கில், வெயில் ஏறிப் பூ உலர்ந்த பிறகு செய்தால் மஞ்சள் தூள் உதிர்வது கண்ணுக்கே தெரியும். காய்ப்பிடிப்பு கண்கூடாகக் கூடியது. எதிர்வீட்டு அம்மாள், "செடிக்குப் பல் விளக்கி விடுறியாம்மா?" என்று கேட்டதையும் பதிவு செய்கிறேன்.

தாவரவியல் வாத்தியார் (திருச்சிராப்பள்ளி, பணி ஓய்வு)

வல்லைவெளி அம்மையாரின் துணியும் பசலைக்கொடியின் பல்துலக்கியும் தொடுதலைச் சேர்ந்தவை. அதனால் முற்றத்துமல்லி அவர்களிடம் ஒரு குறுக்குக் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

தொடர்ந்து தொடப்படும் செடி உயரமாக வளராது. குட்டையாகி, தண்டு தடிக்கும். காற்று வீசும் மேட்டில் மரங்கள் குறுகி நிற்பதும் இதனால்தான். தண்டை நாள்தோறும் சில விநாடி வருடிய செடிகளில் இதை அளந்து, 1973இல் மார்க் ஜாஃபி இதற்கு ஒரு கலைச்சொல்லும் படைத்தார். இதன் அடியிலுள்ள மரபணுக்கள் அகப்பட்டது ஒரு விபத்து. அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் வளர்ச்சி ஊக்கி ஒன்றைச் செடிமேல் தெளித்து, எந்த மரபணு விழிக்கிறது என்று பார்த்தார்கள். ஒப்பீட்டுக்காக வெறும் தண்ணீர் தெளித்த செடிகளிலும் அதே மரபணுக்கள் விழித்துக்கொண்டன. ஊக்கி காரணமல்ல, துளி விழுந்த தொடுகையே காரணம் என்று 1990இல் எழுதினார்கள். ஒப்பீட்டுச் செடிகளை வைக்காமல் இருந்திருந்தால் இன்று வேறு ஏதோ ஒன்றை நம்பிக்கொண்டிருப்போம்.

ஆகவே, அம்மா பேசும்போது செடியைத் தொடுகிறார் என்றால் அவருடைய செடிகள் 52 செ.மீ. பக்கம் இருந்திருக்க வேண்டும். 61 எப்படி வந்தது? ஒரு வேலை செய்யுங்கள். நான்கு நாள் காலையில் ஓரமாக உட்கார்ந்து, அவர் என்ன சொல்கிறார், சொல்லும்போது கை எங்கே போகிறது என்று எழுதிவாருங்கள்.

முற்றத்துமல்லி (மதுரை)

வாத்தியார் ஐயா சொன்னபடி நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். பல் வலிக்கு மாடியில் வந்து உட்கார்ந்திருப்பதாக அம்மாவிடம் ஒரு பொய்யும் சொல்ல வேண்டியதாயிற்று.

நான்கு காலைகளில், மிளகாய்ச் செடிகளிடம் மட்டும் சொன்னவை 63 வாக்கியங்கள். அவற்றில் 44 கேள்விகள். கேள்விகளை வரிசையாகப் படித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. ஊர்க்கதை எல்லாம் பீர்க்கங்கொடிக்குத்தான், மிளகாயிடம் அம்மா வேலைப் பேச்சுத்தான் பேசுகிறார். "இது என்ன பூவு கொட்டிக் கெடக்கு?", "நேத்து ஊத்துன தண்ணி இன்னும் நிக்குதே, அடியில ஓட்ட அடச்சிருச்சா?", "யார்டா இவன் எல மடிப்புல வெள்ளையா?" மூன்றாவது கேள்விக்கு மறுநொடியே கட்டைவிரலால் ஒரு நசுக்கல், அது மாவுப்பூச்சி. இரண்டாவதற்கு ஒரு குச்சியை எடுத்துப் பையின் அடித்துளையைக் குத்தினார். செடியை அவர் வருடுவதில்லை. இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார், அதுவும் சந்தேகம் வந்த இலையை மட்டும்.

என் பக்கம் நடந்ததையும் நேர்மையாக எழுதிவிடுகிறேன். தொட்டிக்குப் பின்னால் இருந்த ஆறு பைகளுக்கும் நான் தண்ணீர் ஊற்றியது, பெரும்பாலான நாட்களில், காதில் கைபேசியை இடுக்கிக்கொண்டுதான். எழுபது நாளில் ஓர் இலையைக்கூடத் திருப்பிப் பார்த்ததாக நினைவில்லை. நேற்று அம்மாவை அங்கே அழைத்துப்போனேன். ஆறடி தூரத்தில் நின்றபடியே, "எலையெல்லாம் மேல பாத்துக் கிண்ணம் மாதிரி மடங்கிருக்கே, இதப் பாக்கலயா நீயி?" என்றார். இலை மேல்நோக்கி மடங்கினால் இலைப்பேன், கீழ்நோக்கி மடங்கினால் சிலந்திப்பேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு பூவை வெள்ளைத் தாளில் தட்டியதும் மயிரிழைபோல் மஞ்சளாக நான்கு பூச்சிகள் ஓடின. நிழலையும் கணக்கெடுத்தேன். காலை ஒன்பதரை வரை அந்த இடத்தில் வெயில் விழுவதில்லை. படிப் பக்கத்தைவிட இரண்டே கால் மணி நேரம் குறைவு. அளவுகோல் அண்ணன் முதல் நாளே கேட்டது அது.

செடிக்கு நீங்கள் பேசுவது கேட்காதாம் என்று அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "கேக்காட்டிப் போகுது. நான் என்ன பதிலா கேட்டேன்?" என்று சொல்லிவிட்டு வேப்பெண்ணெய்க் கரைசல் கலக்கப் போய்விட்டார்.

கரிசல்காட்டான் (கோவில்பட்டி)

44 கேள்விகளில் கல்யாணச் செய்தி ஒன்றும் இல்லை என்பதைக் கவனித்தேன். நாங்களும் வரப்பில் நடக்கும்போது பயிரைப் பார்த்து ஏதாவது முணுமுணுக்கத்தான் செய்கிறோம். அதைப் பேச்சு என்று இதுவரை கணக்கு வைத்ததில்லை. நான் முதல் பதிவில் எழுதிய வாக்கியத்தைத் திருத்திக்கொள்கிறேன்.

அளவுகோல் (கோயம்புத்தூர்)

இப்போது ஒழுங்கான சோதனை ஒன்று செய்யலாம். 24 பைகள், ஆறு ஆறாக நான்கு குழுக்கள், மாடியின் நான்கு மூலைகள். முதல் குழுவை அம்மா பார்த்துப் பேசட்டும். இரண்டாம் குழுவை வேறொருவர், அதே நேரம் செலவிட்டு, இலையைத் திருப்பிப் பார்த்து, ஆனால் வாய் திறவாமல் கவனிக்கட்டும். மூன்றாம் குழுவுக்கு அம்மாவின் குரலைக் கைபேசியில் பதிவு செய்து ஒலிக்க விடுங்கள். தண்ணீர் ஊற்றுவதைத் தவிர யாரும் நின்று பார்க்கக் கூடாது. நான்காம் குழுவுக்குத் தண்ணீர் மட்டும். வாரம் ஒருமுறை குழுக்களை மூலை மாற்றி வைத்தால் நிழல் எல்லோருக்கும் பொதுவாகிவிடும். பூச்சிமருந்து அந்தந்தக் குழுவைப் பார்க்கிறவர் கண்டுபிடித்தால் மட்டுமே. ஆறு என்பது இன்னும் குறைவுதான். ஆனாலும் இரண்டாம் குழு முதல் குழுவுக்குச் சமமாக வந்துவிட்டால் வாத்தியார் ஐயாவின் பக்கம் கொஞ்சம் எடை கூடும்.

முற்றத்துமல்லி (மதுரை)

ஆடிப்பட்டத்துக்கு நாற்று விட்டு, நேற்று 24 பைகளிலும் நடவை முடித்தோம். இரண்டாம் குழுவை என் கணவரிடம் ஒப்படைத்திருக்கிறேன். அவர் மனிதர்களிடமே அதிகம் பேசமாட்டார் என்பதால் வாய் திறவாத நிபந்தனையில் சிக்கல் இல்லை. மூன்றாம் குழுவுக்கு அம்மாவின் இருபது நிமிடப் பேச்சைப் பதிவு செய்தாகிவிட்டது. எதைப் பார்த்துப் பேச என்று தெரியாமல் அவர் திணறியதால், பழைய மிளகாய்ச் செடி ஒன்றைக் கூடத்துக்குத் தூக்கிவந்து முன்னால் வைக்க வேண்டியிருந்தது.

நான்காம் குழு இருக்கும் மூலைக்கு அவர் போகவே கூடாது என்று இரண்டு முறை சொன்னேன், தலையாட்டினார். இன்று காலை நான் மேலே போனபோது அந்த மூலையில் குனிந்து நின்று, முதல் பையிடம், "ஒங்ககூடப் பேசக் கூடாதுன்னு இவ சொல்லிட்டா, கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பையை அப்புறப்படுத்திவிட்டு, மீதமிருந்த நாற்றில் ஒன்றை அதே இடத்தில் புதிதாக நட்டிருக்கிறேன்.